கறை படாத புத்தகங்கள்

அன்றைக்கு அந்த இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. அவருடைய நாத்தனார் ராக்கு. அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து இன்னும் பன்னிரண்டு பெண்கள். பிள்ளைகள் பதினேழு, அவர்களுக்கு நடுவில் பாயில் மாரியாயி. சுவரோரமாக வெற்றிலை இடித்தபடி சின்னக் கங்காணி வேலு. ஸ்டூல் போட்டுக் கொடுத்தும் உட்காராமல் நின்ற அருளப்பன் வாத்தியார். படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நான். எனக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் கடை முதலாளி காசிம். மேலே ரோட்டில் நின்ற வேனுக்குள் அவருடைய மகள் பல்கீஸ். ஒரு ஆட்டுக்கிடாயும் இருந்தது. அது என் துணிப்பையைத் தின்னப் பார்த்ததால் அதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், கடையில் நிற்கும் தம்பிமார்தான். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். படக்கதை அவர்களுக்குச் சின்னப்பிள்ளைத்தனம். பெரியவர்களின் நாவல் தலைக்கு மேலே போகிறது. இப்போதெல்லாம் அட்டையிலேயே வயது அச்சடித்து வருகிறது. அதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் மறுநாள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். "அண்ணே, நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படிப் பொறுக்குனீங்க?" என்று கேட்கிறார்கள். நான் பொறுக்கவில்லை. பொறுக்கியவர் பல்கீஸ். நான் சுமந்தவன்.

என் படிப்பு வட்டகொடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் நாலாம் வகுப்போடு முடிந்தது. அப்பா தவறிப்போனார், நான் தேயிலை ஆலைக்கு, ஸ்டோர் என்போம், வேலைக்குப் போனேன். சலிப்பறைத் தூசி நெஞ்சில் ஏறியது. தோட்டத்து டாக்டரய்யா வேறு வேலை பார் என்றார். நாடு சுதந்திரம் வாங்கிய மறுவருஷம் ஹட்டனில் காசிம் முதலாளி கடையில் பார்சல் கட்டுகிறவனாகச் சேர்ந்தேன். சிலேட், கொப்பி, பஞ்சாங்கம், குடை, கம்பளி எல்லாம் விற்கிற கடை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். கயிறு அவிழ்ந்துவிடுமோ, பஸ் வளைவில் உருண்டுவிடுமோ, யாராவது எதையாவது வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று. மூன்றாவது பயம்தான் அதிகம். அது பின்னால் ஒரு நாள் பயன்படும் என்று அப்போது தெரியாது.

கடைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் மட்டும் வைத்த சின்ன அறை. அதில்தான் பல்கீஸ் இருப்பார். நான் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும்; எனக்கு இருபத்தேழு. வயதுக்கு வந்ததும் பாடசாலையை நிறுத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். பன்னிரண்டு வயதில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கடைக்கு வந்த எல்லாப் பத்திரிகையையும் புத்தகத்தையும் விற்பதற்கு முன்னால் அவர் படித்துவிடுவார். ஒரு தோட்டத்துத் துரை பாடசாலைக்கு ஏதாவது புத்தகம் அனுப்பச் சொன்னபோது, முதலாளி அந்த வேலையை மகளிடம் கொடுத்தார். அப்படித்தான் பெட்டி ஆரம்பமானது. பழைய தேயிலைப் பெட்டிக்குக் கீல் வைத்த மூடி போட்டு, உள்ளே முப்பது புத்தகம். ஒரு தவணைக்கு ஒரு பாடசாலை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். தவணை முடிய நான் போய் எடுத்துக்கொண்டு வேறு பெட்டி கொடுத்துவிட்டு வருவேன்.

"எப்படித் தங்கச்சி அந்த வயசுப் புள்ளைங்க மனசு உங்களுக்குத் தெரியுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு அந்த வயசு இன்னும் முடியலண்ணே. நடுவுல நிப்பாட்டிட்டாங்கல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் வேலை செய்கிற விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்தும் மதராசிலிருந்தும் கட்டு வரும். பிரித்தவுடன் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான் பிரவுன் பேப்பர் உறை போட வேண்டும், அட்டைப் படத்தை அவர் பார்ப்பதற்கு முன்னால். "படம் லஞ்சம் குடுக்கும்ணே" என்பார். பிறகு புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு பக்கம் படிப்பார். இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தால் இடது பக்கம் வைப்பார். வராவிட்டால் வலது பக்கம். இடது பக்கத்துப் புத்தகங்களை மட்டும் மறுபடி எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்ப்பார். கதை என்றால், அந்த முதல் பக்கத்திலேயே யாராவது எதற்காவது ஆசைப்பட வேண்டும், அல்லது பயப்பட வேண்டும். காலை வேளையையும் பறவைச் சத்தத்தையும் ஒரு பக்கத்துக்கு வருணித்தால், "இவரு புள்ளைங்கள வாசல்லயே நிக்க வச்சிருக்காரு" என்று தள்ளிவிடுவார். புத்தி சொல்லுகிற கதை என்றால் அவருக்கு ஆகாது. ஆனாலும் பாடசாலைப் பரிசோதகர் கேட்பார் என்று பெட்டிக்கு ஒன்று போடுவார், வேண்டாவெறுப்பாக.

கதையல்லாத புத்தகங்களுக்கு வேறு முறை. தேனீ, இயந்திரம், மழை, நட்சத்திரம் என்று எதைப் பற்றி இருந்தாலும், அதில் செய்து பார்க்கச் சொன்னதை முதலில் நாங்கள் செய்து பார்க்க வேண்டும். ஒரு புத்தகம் கண்ணாடி ஜாடி இரண்டு, ரப்பர் குழாய் ஒன்று எடுத்துக்கொள் என்று ஆரம்பித்தது. "லயத்துல கண்ணாடி ஜாடிக்கு எங்க போவாங்க?" என்று மூடிவிட்டார். இன்னொன்று தகர டின்னில் ஓட்டை போட்டு நீர்ச் சக்கரம் செய்யச் சொன்னது. பாண் கடையிலிருந்து ஜாம் டின் வாங்கிவந்து, பின்முற்றத்தில் தண்ணீர் விழும் பீலியில் வைத்தோம். சுற்றியது. முதலாளியே வந்து பார்த்துவிட்டு, "கடைய மூடிட்டு ஸ்டோரு நடத்தலாம்போல இருக்கு" என்றார். அந்தப் புத்தகம் பெட்டி வேலை நிற்கும் வரை ஐந்தாறு தடவை பைண்டு செய்யப்பட்டது.

பெட்டியைப் பாடசாலையில் இறக்கியதும் புத்தகங்களை வாங்குப் பலகையின் மேல் பரப்பிவைத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பிள்ளையின் கை எந்தப் புத்தகத்துக்குப் போகிறது, எதை எடுத்துத் திரும்ப வைக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். பல்கீஸ் எந்தத் தோட்டப் பாடசாலையையும் பார்த்ததில்லை. கடைக்கு முன்பக்கமே வரமாட்டார். அவருக்காகப் பார்த்துவர வேண்டியவன் நான். "பாத்ததச் சொல்லுங்க. நெனச்சதச் சொல்லாதீங்க" என்பது அவர் கட்டளை. என்னைப் போலக் கவலைப்படுகிறவனுக்கு அது சுலபமில்லை. நான் பார்ப்பதைவிட நினைப்பதுதான் அதிகம்.

பெட்டி திரும்பி வந்ததும் கறை பார்ப்பது என்று ஒரு வேலை இருந்தது. லீவு நாளில் பிள்ளைகளும் அரைப்பேருக்கு, பாதிச் சம்பளத்துக்கு, கொழுந்து பறிக்கப் போவார்கள். கொழுந்துக் கறை விரலை விட்டு இலேசில் போகாது. அந்த விரலால் பக்கம் புரட்டினால் கீழ் மூலையில் பழுப்பாக ஒட்டும். பல்கீஸ் புத்தகத்தை மூடியபடியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். ஓரம் எதுவரை பழுப்பாக இருக்கிறது என்று பார்த்து, "இதுல கால்வாசிலயே நின்னுட்டாங்க. நடுவுல ஏதோ சலிச்சுப்போச்சு" என்பார். அந்த இடத்தைத் திறந்து பார்த்தால், உண்மையிலேயே அங்கே ஒரு நீளமான உபதேசம் இருக்கும். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு புத்தகம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பழுப்பாக வந்தபோது அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். பச்சைக் கொழுந்து வாசம். "இதவிடச் சந்தோசம் என்னண்ணே இருக்கு?" என்றார்.

இனி அந்த அக்கரப்பத்தனைப் பெட்டி.

அங்கே ஒரு தோட்டத்தில் மேல் டிவிசன் பாடசாலை. பஸ்ஸில் பெட்டியை ஏற்றும்போதெல்லாம் டிரைவர் சிங்களத்தில் "தேத?" என்று கேட்பார், தேயிலைப் பெட்டியாயிற்றே. "நே, பொத்" என்பேன், புத்தகம் என்று. தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுப்பார். முதல் தவணை முடிந்து அந்தப் பெட்டி திரும்பியபோது பல்கீஸ் ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். முப்பதும் வெள்ளையாக இருந்தன.

"ஒரு விரல்கூடப் படலண்ணே" என்றார்.

இரண்டாம் தவணைக்கு முக்கால்வாசிப் புத்தகங்களை மாற்றினார். மிருகக் கதையை எடுத்துவிட்டுத் திருடன் கதை வைத்தார். மறுபடியும் வெள்ளை. நான் எடுக்கப்போன அன்று தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஆபீஸ் வாசலில் நின்று, "புத்தகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வந்த மாதிரியே புதுசா இருக்கு. எதுக்கு வெட்டிச் செலவு? அடுத்த தவணையிலிருந்து வேணாம்னு தொரைகிட்டச் சொல்லப்போறேன்" என்றார்.  இன்னும் ஒரே ஒரு தவணை பாருங்கள் ஐயா என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்தேன்.

அந்தத் தோட்டத்து மூன்று டிவிசன் பெட்டிகளால்தான் அக்கரப்பத்தனைப் பயணத்துக்கே கட்டுப்படியானது. அது நின்றால் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போக முடியாது. அவை நின்றால் பெட்டி வேலையே பாதியாகிவிடும். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பின் அறைக்கு வந்தார்.

"இந்தத் தவணையும் பெட்டி வெள்ளையா வந்தா இதோட நிறுத்திக்குவோம் தாயி. இந்த அறை கம்பளிக்கு வேணும். குளிருக்கு ஏவாரம் நல்லாப் போகுது, வைக்க எடமில்ல. ஒனக்குப் படிக்க வீட்டுல புத்தகமா இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். பல்கீஸ் பிரவுன் பேப்பரை மடித்து, நகத்தால் அழுத்தி, மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலை மறைத்துக் கம்பளி அடுக்கினால் அவர் எங்கே உட்காருவார் என்று எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஸ்கூல்ல பெட்டி பிரிச்சப்ப யாரு கை எங்க போச்சு? மறுபடி சொல்லுங்க."

"எங்கயும் போகலங்க தங்கச்சி. மாரியாயின்னு ஒரு புள்ள மட்டும் வந்து ஒவ்வொண்ணாத் தொறந்து நாலு வரி வாசிச்சுப் பாத்துச்சு. மத்ததுங்க எல்லாம் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க."

"இத ஏன் நீங்க அப்பவே சொல்லல?"

"ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சேங்க."

"நெனச்சீங்க!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்றாவது பெட்டிக்கு அவர் எடுத்த புத்தகங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று கதை: கலங்கரை விளக்கக் காவல்காரனின் இரண்டு பிள்ளைகள், அப்பா புயலில் படகோடு போய்த் திரும்பவில்லை, விளக்கை அணையவிடாமல் பிள்ளைகள் காக்க வேண்டும். மற்றது கப்பல் எப்படிக் கட்டப்படுகிறது, எப்படி மிதக்கிறது, யார் யார் அதில் என்ன வேலை செய்கிறார்கள் என்று படம் போட்டுச் சொன்ன புத்தகம்.

"கடலே பாக்காத புள்ளைங்களுக்குக் கப்பலாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கடலப் பாத்த புள்ளைக்குக் கப்பல் புத்தகம் எதுக்குண்ணே?" என்றார். "இந்தத் தடவ தவணை முடியிறவரைக்கும் காத்திருக்காதீங்க. நடுவுல ஒருக்காப் போயிப் பாத்துட்டு வாங்க. கண்ண மட்டும் கொண்டுபோங்க."

போனேன். பாடசாலையில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. முப்பதும் காணோம். களவுபோய்விட்டது, என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அருளப்பன் வாத்தியார் சிரித்தார். "எல்லாம் லயத்துலதான் இருக்கு. புள்ளைங்களக் கேளுங்க."

"யாரெல்லாம் படிச்சீங்க?" என்று கேட்டேன். மாரியாயி மட்டும் கையைத் தூக்கினாள். மற்றப் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன.

"நாங்க படிக்கலங்க. கேட்டோம்" என்றான் ஒரு பையன்.

"என்னத்தக் கேட்டீங்க?"

அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விளக்குக் கதையைச் சொல்லத் தொடங்கியது. புயல் எழும்பியது, படகு போனது, தம்பி அழுதது, அக்கா எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு படியேறியது வரைக்கும் வந்து டக்கென்று நின்றுவிட்டார்கள்.

"அப்புறம்?"

"அதுக்கு மேல தெரியாதுங்க. அது வர்ற ஞாயித்துக்கெழமதான்."

அங்கிருந்து லயத்துக்கு இறங்கினேன். பீலியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பேச்சியம்மாதான் விளக்கிச் சொன்னார். கோயில் திருவிழாவுக்கு முந்தின மாதம் அந்த லயத்தில் கதை படிப்பது அவர்களுடைய பெரியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த காலத்திலிருந்தே வழக்கமாம். ஒருவர் குளித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து படிப்பார். மற்றவர்கள் சுற்றிலும் இருந்து கேட்பார்கள். எங்கள் பெட்டி வந்ததும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் அதே முறைதான் என்று ஆகிவிட்டது.

"புத்தகத்தத் தொடுற கை ஒண்ணாத்தான் இருக்கணும் தம்பி. ஆளாளுக்கு இழுத்தா அது புத்தகமா, தாயக்கட்டையா? மாரியாயிக்குத்தான் தடக்காம வாய் வரும். ஞாயித்துக்கெழம அவ கைய எலுமிச்சங்கா போட்டுத் தேச்சுத்தான் உக்கார வைப்போம்."

திரும்பும் வழியெல்லாம் பஸ் உருண்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வந்தேன். இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டுமே. பல்கீஸ் நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தன பேர் கேக்குறாங்க?"

"லயமே கேக்குதுங்க."

 "நான் கறையத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

முதலாளி நம்பவில்லை. "இவன் சொல்றத வச்சா? இவனுக்குச் சோலி போயிருமேன்னு பயம்."

"பயம் உண்மைதாங்க மொதலாளி" என்றேன். "ஆனா நான் பாத்ததும் உண்மைங்க."

"வாப்பா, ஞாயித்துக்கெழம அக்கரப்பத்தனைக்குக் கம்பளி ஏத்திக்கிட்டு வேன் போகுதுல்ல?" என்றார் பல்கீஸ். "நீங்களே வந்து கேளுங்க. நானும் வர்றேன். எறங்க மாட்டேன். வேன்லயே இருந்துக்கிறேன்."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேலே சொன்ன அத்தனை பேரும் அந்த இஸ்தோப்பில் கூடினோம். வேனை லயத்துக்கு நேர் மேலே ரோட்டில் நிறுத்தினோம். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு பல்கீஸ் உள்ளே இருந்தார். மாரியாயி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அக்காக்காரி படியேறுகிறாள். காற்று கதவைப் பிடுங்குகிறது. டின்னில் எண்ணெய் பாதிதான் இருக்கிறது.

"நிறுத்துடி" என்றார் ராக்கு. "பாதி டின்னா? விடியிற வரைக்கும் அது காணுமா?"

"பெரிய வெளக்குத்தானே அத்தே."

"பெரிய வெளக்குன்னா இன்னும் சீக்கிரமாத் தீரும்டி."

"காத்துல எரிஞ்சா பாதி டின் நடுச்சாமம் வரைக்கும்கூட வராது" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் எங்கள் முதலாளி. ஒரு காலத்தில் மண்ணெண்ணெயும் விற்ற மனுஷர், பொறுக்க முடியவில்லை. எல்லாரும் பார்ப்பது தெரிந்ததும் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, "நீ படி தாயி, படி" என்றார்.

அந்த அத்தியாயம் முடிந்தபோது இஸ்தோப்பே பெருமூச்சு விட்டது. பிறகு கப்பல் புத்தகம். மாரியாயி படத்தைத் திருப்பிச் சுற்றிலும் காட்டினாள். இயந்திர அறை, சமையல் அறை, மாலுமிகள் படுக்கும் இடம்.

"எங்க ஆத்தா வாந்தி எடுத்துக்கிட்டே கப்பல்ல வந்தாளாம். வாந்தி எடுக்கிற அறை எங்கடி?" என்று ஒரு பெண் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம தேயில இதுல எங்க இருக்கும்?" என்றார்.

மாரியாயி பக்கம் பக்கமாகத் தேடினாள். புத்தகத்தில் இல்லை. வாத்தியாரைப் பார்த்தார்கள், அவர் தலையைச் சொறிந்தார். முதலாளியைப் பார்த்தார்கள், அவர் என்னைப் பார்த்தார்.

"ஆக அடியில, சரக்கறையில!"

மேலே வேனிலிருந்து வந்தது குரல். கண்ணாடி முழுவதும் இறங்கியிருந்தது. "தண்ணி மட்டத்துக்கும் கீழ. மேல மேல அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க. பொட்டிக்குள்ள ஈயத்தாள் இருக்குல்ல, அதனால நனையாது!"

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. "யாருங்க அந்தப் புள்ள?" என்று பேச்சியம்மா என்னைக் கேட்டார்.

"இந்தப் புத்தகமெல்லாம் பொறுக்கி அனுப்புறது அவங்கதான்."

"அடியாத்தே! அப்ப நடு ரோட்டுல உக்கார வச்சிருக்கீங்க? எறங்கி வரச் சொல்லுங்க!"

பல்கீஸ் அப்பாவைப் பார்த்தார். நானும் முதலாளியைப் பார்த்தேன். அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் மண்படியில் ஏறிப் போனார். அவர் நடந்த நடையைப் பார்த்து, எல்லாம் முடிந்தது, வேனை எடுக்கச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வேன் கதவைத் திறந்து பிடித்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரித்து மகளின் தலைக்கு மேலே பிடித்தபடி கூட்டிவந்தார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பல்கீஸ் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.  ராக்குதான் ஆரம்பித்தார். "ஏந்தாயி, மொதத் தவணை ஒரு புத்தகம் அனுப்புனியே, ஒரு கெழட்டு நரி வரும். வாயத் தொறந்தா புத்தி சொல்லுது. சீக்கிரம் எந்திரிக்கணுமாம், சோம்பலா இருக்கக் கூடாதாம். ஆறு நாளும் விடியக்காலம பெரட்டுல ஆளெடுக்கும்போது கேக்குறது காணாதா? ஞாயித்துக்கெழமயும் எங்களுக்கு ஒரு கங்காணி வேணுமா?"

சின்னக் கங்காணி வேலு வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார். பல்கீஸ் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. நான் அத்தனை வருஷம் அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. பிறகு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவனுக்கு இன்னும் நீளமான கதை வேண்டும். ஒருத்திக்குப் பாம்பைப் பற்றி வேண்டும், "நெசப் பாம்பு, கதப் பாம்பு இல்ல." மாரியாயி கடைசிவரை காத்திருந்து, "கதையில அந்த அப்பா திரும்பி வருவாராக்கா?" என்று காதோடு கேட்டாள். "சொல்ல மாட்டேன்" என்றார் பல்கீஸ். அதற்கு அந்தப் பிள்ளை அவ்வளவு சந்தோஷப்பட்டது.

திரும்பும் வழியில், வேன் தலவாக்கலை தாண்டிய பிறகு முதலாளி, "கம்பளிய மாடிப்படிக்குக் கீழ அடுக்கலாம்டா செல்லமுத்து. எலி வராமப் பாத்துக்க" என்றார். பல்கீஸ் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. பெரிய கிளாக்கரிடம் முதலாளியே நேரில் போய்ப் பேசினார். அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்புக்கு வரச் சொன்னார், அவர் வந்தார். பெட்டி நிற்கவில்லை.

மறுவாரமே பல்கீஸ் தம் முறையை மாற்றினார். கறை பார்ப்பதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு அத்தியாயத்தை நான் அவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். என் மூன்றாவது பயம் பலித்தது.

"எனக்கு நாலாம் வகுப்புங்க. தடக்கித் தடக்கித்தான் வரும்."

"அதுக்குத்தாண்ணே. நீங்க தடக்குற எடத்துலதான் அந்தப் புள்ளைங்களும் தடக்கும். நான் சர்ருன்னு போயிருவேன், எனக்குத் தெரியாது."

நான் தடக்கினால் அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி அதிகமானால் புத்தகம் வலது பக்கம். புள்ளியே இல்லாவிட்டாலும் யோசிப்பார். ரொம்ப வழுக்கிக்கொண்டு போனால் மனதில் எதுவும் நிற்காது என்பார். ஓர் அத்தியாயம் முடிந்து நான் நிறுத்தும்போது அவருக்கு "அப்புறம்?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். தோன்றினால் இடது பக்கம். அப்படி வருஷக்கணக்காக நான் வாசித்தேன். அடுத்த தெருவில் அவருக்குக் கல்யாணம் ஆன பிறகும், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இந்தியாவிலிருந்து கட்டு வருவது சுருங்கிப்போய், அறுபதுகளின் நடுவில் பெட்டி நிற்கும்வரை கேட்டார். தம்பிமார் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: உறை போட்டு நடுவில் திறந்து பாருங்கள், கொஞ்சம் தடக்கி வாசிக்கிற ஒருவனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் அந்தப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு ஒரு தடவையாவது போங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது, தவணை முடிந்தாலும் கப்பல் புத்தகத்தைத் திருப்பித்தர முடியாது, விலையைச் சொல்லுங்கள் என்று பேச்சியம்மா கேட்டார். மூன்று ரூபாய். முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன. ஒன்றேகால் ரூபாய் தேறியது. மீதியைச் சம்பளத்தன்று தருவதாகச் சொன்னார்கள். நான் சம்பளம் முடிந்து போனபோது கையில் காசை வைத்துக்கொண்டுதான் காத்திருந்தார்கள். ஆனால் முதலாளி எனக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்த லயத்துல மட்டும் மீதிய வாங்கிப்புடாத. பாக்கிய அடைச்சுட்டா நாம எந்த மொகத்த வச்சுக்கிட்டு அங்க போறது?"

ஒவ்வொரு தவணையும் அவர்கள் நீட்டினார்கள். ஒவ்வொரு தவணையும் அடுத்த முறை பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அந்த லயத்தார் எங்கள் கடைக்குத் தர வேண்டியது, இன்றைய தேதிவரைக்கும், ஒரு ரூபாய் எழுபத்தைந்து சதம்.